முத்தத்திற்கும் வருகைக்கும் இடையில்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு நிறைவு என்பதனால் பத்து என்னும் எண்ணையொட்டி ஏதேனும் பேசுமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். தமிழுக்குப் பத்து புதிதன்று. பத்துப்பாட்டு உண்டு, பதிற்றுப்பத்து உண்டு, திருக்குறளில் அதிகாரந்தோறும் பத்துக் குறள் உண்டு, பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் உண்டு. கல்லூரியில் ஆண்டுதோறும் பிள்ளைத்தமிழ் நடத்துபவள் ஆகையால் என் மனம் அங்கேதான் சென்று நின்றது. இலக்கிய அமைப்புகளுக்கும் இப்பருவங்கள் உண்டு போலும். பெயர் சூட்டி, முத்திரை செய்து, முகவரித்தாள் அச்சடித்து, மூன்றாம் கூட்டத்தோடு முடிந்துபோன அமைப்புகள் சிலவற்றை நாம் அறிவோம். அவை காப்புப் பருவம் கடவாதவை. நம் வட்டமோ பத்தும் கண்டு சிறுதேர் உருட்டிக்கொண்டிருக்கிறது. மகிழ்ச்சி.

ஆயினும் நான் இன்று பேச வந்தது பத்தைப் பற்றியன்று, ஒன்றைப் பற்றி. ஒரு குழந்தைக்கு ஓராண்டு நிறைந்த கதையைப் பற்றி. எங்கள் வீட்டுக் கதையை அவையில் கூறுவது முறையா என்று தயங்கினேன். அந்த ஒரு நாள், நான் இத்தனை ஆண்டுகள் நடத்திவந்த பாடத்தையே எனக்கு வேறாக உணர்த்தியதால் கூறத் துணிந்தேன்.

சென்ற தை மாதத்தில் என் தம்பி மகளுக்கு ஆண்டு நிறைவு. வெண்ணாற்றங்கரையிலுள்ள எங்கள் ஊர் வீட்டில் நடந்தது. சம்பா அறுவடை முடிந்திருந்தது. வாசலில் புது வைக்கோற்போர், பத்தாயத்தில் புதுநெல், கூடத்தில் சுற்றத்தார். ஆங்கிலத் தேதியில் வைத்துக்கொண்டால் விடுப்பு எடுக்க எளிது என்றான் தம்பி. “பிள்ளைக்கு நாள் நட்சத்திரந்தாம்ப்பா” என்றார் அம்மா. அம்மாவின் சொல்லே நின்றது. இராசராசனுக்கு இன்றும் ஐப்பசிச் சதயத்தில்தானே பெரிய கோயிலில் விழா எடுக்கிறோம்!

முந்தின நாளே குலதெய்வக் கோயிலில் முடியிறக்கி வந்திருந்தார்கள். சந்தனம் பூசிய தலையோடு குழந்தை அனைவரையும் ஆராய்ந்துகொண்டிருந்தாள். தாய்மாமன் மடியில் வைத்துப் பத்தர் காது குத்தினார். வீறிட்ட வாயில் சர்க்கரையை வைத்தாள் அத்தை. அழுகையும் இனிப்பும் ஒரே முகத்தில் நின்றன. அடுக்களையில் பரங்கிக்காய்ப் புளிக்கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பருப்புப் பாயசம். நகரத்திலிருந்து தம்பி ஒரு கேக்கும் வாங்கி வந்திருந்தான். அம்மா அதனை மறுக்கவில்லை. “வெட்டிக்க, சாப்பிடு; ஆனா, வெளக்க ஊதி அணைக்காதே” என்றார். மெழுகுவத்தி இன்றியே கேக்கு வெட்டப்பட்டது.

தமிழ்ப் பேராசிரியை ஒருத்தி வீட்டிலிருந்தால் என்ன நேரும் என்பது உங்களுக்குத் தெரியும். தேங்காய் துருவிக்கொண்டும் காய் நறுக்கிக்கொண்டும் இருந்த பெண்டிர் நடுவே நான் ஒரு விரிவுரை தொடங்கிவிட்டேன். பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கில் முழுதும் ஒத்துச் செல்வன அல்ல. எனினும் வகுப்பறையில் நாம் கூறும் கணக்கு இது. மூன்றாம் மாதம் காப்பு. ஐந்தாம் மாதம் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலைநிமிர்ந்தாடும் செங்கீரை. ஏழில் தால். ஒன்பதில் கை கொட்டும் சப்பாணி. பதினொன்றில் முத்தம். பதின்மூன்றில் தளர்நடையிட்டு வருமாறு அழைக்கும் வருகை. பதினைந்தில் அம்புலி. பின்னர் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். “பாருங்கள், ஓராண்டு நிறைவுக்கென்று ஒரு பருவம் இல்லை. முத்தத்திற்கும் வருகைக்கும் இடையில் அது விழுந்துவிடுகிறது. புலவர்கள் விட்டுவிட்டார்கள்” என்று சொல்லிச் சிரித்தேன்.

அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. “ஒம்பதாம் மாசத்துக்கு என்ன பேரு சொன்னே?” என்று கேட்டார்.

“சப்பாணி அம்மா. கை கொட்டுவது.”

“அவனும் கொட்டினான்” என்றார்.

எனக்கு முன் ஒரு பிள்ளை பிறந்து இறந்ததை நான் அறிவேன். “முதல் பிள்ளை தங்கவில்லை” என்னும் ஒற்றை வரியாக அறிவேன். அன்றுதான் அவ்வரிக்குக் கையும் காலும் முளைத்தன. 1971ஆம் ஆண்டுத் தை மாதத்தில் அவன் பிறந்தான். ஐப்பசி அடைமழையில் வயிற்றுப்போக்குக் கண்டது. ஆற்றில் வெள்ளம். வண்டி கட்டி, சுற்றுவழியாக மருத்துவமனை செல்வதற்குள் முடிந்துவிட்டது. முந்தின நாள்வரை கூடத்துத் தூணைப் பார்த்துக் கை கொட்டிக்கொண்டிருந்தானாம். தை பிறந்தால் ஆண்டு நிறைவு என்று வெள்ளி அரைஞாண் ஒன்று செய்யக் கொடுத்திருந்தார்களாம். பிள்ளை போன பிறகு அது வீடு வந்து சேர்ந்தது. பின்னர் எனக்கும் தம்பிக்கும் பூட்டிய அரைஞாண் அதுவே. அன்று கூடத்தில் தவழ்ந்த தம்பி மகளின் இடுப்பில் கிடந்ததும் அதுவே. எனக்காகச் செய்தது என்றே நாற்பது ஆண்டுகளாக எண்ணியிருந்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குத் தலையாட்டவும் நிலாக் காட்டவும் அம்மா கற்பித்திருக்கிறார். கை கொட்டக் கற்பித்தவள் எப்போதும் அத்தைதான்.

அவையோரே, பிள்ளைத்தமிழை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? தொல்காப்பியப் புறத்திணையியலில் அதன் வித்தைக் காட்டுகிறோம். கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ்களுள் முற்பட்டது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் என்கிறோம். கடவுளரையும் காவலரையும் அடியாரையும் குழந்தையாக்கிப் பாடுவது என்று இலக்கணம் எழுதிப் போடுகிறோம். இவையெல்லாம் சரியே. ஆனால், இந்த மாதக் கணக்கை முதலில் எண்ணியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று விரல்விட்டு எண்ணியவள் ஒரு தாயாகத்தான் இருக்க வேண்டும். எண்ணுவதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு பருவமும் அழகு மட்டுமன்று. கடந்த ஒரு கண்டமும் ஆகும்.

இவ்வாறு பார்த்தால் காப்புப் பருவம் முதலில் வைக்கப்பட்டதன் பொருள் மாறுகிறது. திருமால் முதலாகத் தெய்வங்களையெல்லாம் வரிசையாக அழைத்துக் குழந்தையைக் காக்குமாறு வேண்டுவது வெறும் மங்கலத் தொடக்கமன்று, அச்சத்தின் குரல். அப்பருவத்தில் அத்தெய்வங்களின் கொலைத்தொழிலைக் கூறாது விலக்கிப் பாடவேண்டும் என்பது பாட்டியல் மரபு. அதனைத் தேர்வுக்குரிய குறிப்பாக மட்டுமே நான் மாணவியர்க்குக் கூறிவந்தேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தொட்டில் அருகில் இறப்பைப் பற்றிப் பேசாதே என்று நம் பாட்டிமார் வாயைப் பொத்துவார்கள் அல்லவா? அந்த விலக்கே பாட்டியலில் விதியாகியிருக்கிறது.

நம் காவிரி நாட்டுப் புள்ளிருக்குவேளூரை எண்ணிப் பாருங்கள். இறைவன் வைத்தியநாதன், நோய் தீர்ப்பவன். தஞ்சைத் தரணியின் எத்தனையோ குடும்பங்கள் முடியிறக்கவும் காது குத்தவும் செல்லும் தலம். அத்தலத்து முருகன்மீதுதான் 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடினார். ஐந்து வயதுவரை பேசாதிருந்த பிள்ளை என்று அவரைப் பற்றி வரலாறு கூறுவர். பேசாத பிள்ளைக்காகத் தவித்த பெற்றோரின் மகன், மருத்துவன் கோயிலில் நின்று ஒரு குழந்தையைப் பாடியிருக்கிறார். அவ்வூருக்கு மொட்டைத் தலையோடு வரும் குழந்தைகளின் தாய்மார் அந்நூலை அறியாதிருக்கலாம். அந்நூலின் வேண்டுதலை அவர்கள் நன்கு அறிவார்கள்.

புலவர் நாவால் பாடிய பிள்ளைத்தமிழுக்கு இணையாக, நம் பெண்டிர் கையால் பாடிய பிள்ளைத்தமிழ் ஒன்று உண்டு. அதன் யாப்பு உணவு. பிறந்த குழந்தைக்குக் காப்பு அணிவிக்கும் நாளில் பச்சரிசியை ஊறவைத்து, வெல்லமும் தேங்காய்ப் பல்லும் எள்ளும் பொட்டுக்கடலையும் கலந்து வழங்குகிறோமே, அதற்குப் பெயரே காப்பரிசி! ஆறேழு மாதத்தில் முதற்சோறு. பல் முளைத்தால் பல்லுக் கொழுக்கட்டை. அதனைக் குழந்தையின் தலைமீது சொரிந்து மகிழ்வர். ஆண்டு நிறைந்தால் பருப்பும் நெய்யும் பாயசமுமாக இலை. ஒவ்வொரு படியிலும் ஒரு பண்டம். ஒவ்வொரு பண்டத்திலும் இந்நாட்டு அரிசி. காப்பரிசியில் கடித்துத் தின்னும் ஊறிய அரிசி. முதற்சோற்றில் குழைந்த அரிசி. கொழுக்கட்டையில் இடித்த அரிசி. ஆண்டு நிறைவில் பந்தியிலுள்ள எல்லார்க்கும் வடித்த அரிசி. பாட்டியல் விட்டுவிட்ட பருவத்தை அடுக்களை விடவில்லை.

புலவர் எல்லாரும் விட்டுவிட்டனர் என்று நான் சிரித்ததும் பிழைதான். பெரியாழ்வாரிடம் சென்றால் பிறந்தநாள் இருக்கிறது. நீ பிறந்த திருவோணம் இன்று, நீராட வா, ஓடாதே என்று கண்ணனை அசோதை அழைக்கிறாள். அப்பமும் பாலில் அக்காரம் கலந்த சிற்றுண்டியும் செய்து வைத்திருப்பதாக ஆசை காட்டுகிறாள். மற்றோரிடத்தில், திருவோணத்திற்கு ஏழு நாளே உள்ளது, இன்சொல் மகளிரை அழைத்து முளையட்டிப் பல்லாண்டு கூறுவித்துவிட்டேன், கறியும் அரிசியும் ஆக்கி வைத்திருக்கிறேன், நாளை முதல் கன்றின்பின் போகாதே, கோலம் செய்துகொண்டு இங்கேயே இரு என்கிறாள். பத்தியுரை காண்போர் காணட்டும். எனக்கு இதில் கேட்பது, பிள்ளை கண்ணெதிரே இருக்கவேண்டும் என்னும் தாயின் கெஞ்சல். பேய்ச்சியும் சகடமும் மருதமும் கடந்து வந்த பிள்ளை அல்லவா அவன்! கடந்த கண்டங்களை எண்ணித்தான் அவள் கறியும் அரிசியும் ஆக்குகிறாள்.

இன்னும் பின்னே சென்றால் புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி. குறுநடை நடந்து வந்து, சிறு கையை நீட்டி, கலத்துச் சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழந்தும், நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை. அத்தகைய மக்கள் இல்லாதார்க்கு எத்துணைச் செல்வம் இருந்தும் வாழ்நாளில் பயன் இல்லை என்றான் அவன். அந்நடையைப் பார்த்தால் அக்குழந்தைக்கு வயது ஒன்றாகத்தான் இருக்கும். அது யார் மகன், எவ்வூர், என்ன பெயர்? ஒன்றும் இல்லை. சங்க காலத்தில் ஓர் அரசன் பெயரற்ற பிள்ளையைப் பாடினான். சோழர் காலத்தில் ஒரு புலவர் அரசனைப் பிள்ளையாக்கிப் பாடினார். இடையில் நாம் ஏதோ ஒன்றை இழந்துவிட்டோம் என்று எனக்குப் படுகிறது.

அன்று பந்தி முடிந்த பின்னர், எங்கள் வயலில் நாற்று நட்ட மூதாட்டி ஒருவர், ஒரு படி புதுநெல்லை முந்தானையில் முடிந்துகொண்டு குழந்தையைப் பார்க்க வந்தார். நடவுக் காலத்தில் கைக்குழந்தையை மரக்கிளைத் தூளியில் இட்டு, வரப்பில் ஏறுவதும் சேற்றில் இறங்குவதுமாக வாழ்ந்தவர். குழந்தையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: “நான் எட்டுப் பெத்தேன், மூணு நின்னுச்சு. ஒங்க வீட்டுப் புள்ள நின்னுடுச்சு ஆச்சி.” தங்குதல், நிற்றல் என்பன நம் மக்கள் வழக்கில் குழந்தைக்குரிய வினைகள். விருந்தினரைப் பற்றிச் சொல்லும் சொற்கள் அவை. வந்த பிள்ளை தங்குமோ, எழுந்து போய்விடுமோ என்னும் ஐயம் அச்சொற்களுக்குள் உறைந்து கிடக்கிறது.

பெயர்களிலும் அது கிடக்கிறது. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பை என்று பெயரிடுவர், தவிட்டுக்கு விற்று வாங்கியதாக நடிப்பர், பிச்சை என்பர். காலனுக்கு விருப்பம் தோன்றக்கூடாது என்னும் தந்திரம் அது. குப்பம்மாள், பிச்சையம்மாள் என்னும் பாட்டி பெயர்களைச் சொல்ல என் மாணவியர் கூசுகிறார்கள். கூசவேண்டாம் பெண்களே, அவை ஒரு சொல்லில் அமைந்த காப்புப் பருவங்கள் என்று இப்போது கூறுகிறேன்.

இங்கே ஒரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். என் தமையன் பிறந்த 1971ஆம் ஆண்டில் இந்தியாவில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் 1000 குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அது இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும், உப்புச் சர்க்கரைக் கரைசலும், மருத்துவமனைப் பேறும், சாலையும், பாலமும், படித்த தாயும் சேர்ந்து செய்த வேலை இது. இவ்வெண்ணைச் சிசு இறப்பு வீதம் என்பர். புள்ளியியலாரும் ஓராண்டையே எல்லையாக வைத்திருக்கிறார்கள். அம்மாவும் அதையேதான் வைத்திருந்தார். இரண்டு சாராரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே ஒரே கோட்டைக் கீறியிருக்கிறார்கள்.

அக்கோட்டின் மறுபுறத்தில்தான் வருகைப் பருவம் இருக்கிறது. தளர்நடையிட்டு வரும் பிள்ளையை வருக, வருக என்று அழைப்பது அதன் நேர்ப்பொருள். அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஓராண்டு நிறைந்த பின்னரே தமிழ் ஒரு குழந்தையை வருக என்கிறது. அதற்கு முன்னர்க் காக்க என்றது, ஆடுக என்றது, தாலேலோ என்றது, கொட்டுக என்றது, முத்தம் தருக என்றது. வருக என்று சொல்லவில்லை. அதுவரை வந்தது விருந்து. இனி வருவது வீட்டுப்பிள்ளை. ஓராண்டு நிறைவுக்கு ஒரு பருவம் இல்லையே என்று குறைப்பட்டேன். அது பருவமன்று, வாயிற்படி. வாயிற்படியில் நின்று பாடுவதில்லை, கடக்கிறோம், கடந்தபின் இலை போட்டு உண்கிறோம்.

கவிஞர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இப்பத்தாண்டுகளில் நம் வட்டத்துக் கவியரங்குகளில் தலைவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடியிருக்கிறோம், மொழியைப் பாடியிருக்கிறோம், காவிரியையும் பாடியிருக்கிறோம். இராய. சொக்கலிங்கம் காந்தியடிகளுக்குப் பிள்ளைத்தமிழ் செய்தார். நபிகள் நாயகத்தின்மீதும் இயேசுபிரான்மீதும் பிள்ளைத்தமிழ்கள் உண்டு. அவை பெருமைக்குரியன. பாரதிதாசன் யாதோர் அடைமொழியும் வேண்டாத ஓர் ஆண் குழந்தைக்கும் ஒரு பெண் குழந்தைக்கும் தாலாட்டு எழுதினார். அவ்வழியில் ஓர் அடி மேலே செல்லுங்கள். கடவுளும் அல்லாத, காவலனும் அல்லாத, இன்னும் ஒன்றும் ஆகாத ஒரு குழந்தைக்குப் பிள்ளைத்தமிழ் பாடுங்கள். வரப்போரத் தூளியில் கிடந்த பிள்ளைக்குப் பாடுங்கள். ஆசிரிய விருத்தம் வராவிட்டால் புதுக்கவிதையிலேனும் பாடுங்கள். பத்துப் பருவமும் நிறையாத பிள்ளைகளுக்கும் பாடுங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று நான்கோடு நின்ற பிள்ளைத்தமிழ் ஒன்று எங்கள் வீட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்படாமல் கிடக்கிறது. எழுதும் ஆற்றல் எனக்கில்லை. அம்மாவுக்கு அதைப் படித்துக்காட்டும் துணிவும் இல்லை. உங்களுள் யாருக்கேனும் இருக்கக்கூடும்.

அன்றைய நாளின் முடிவைச் சொல்லி அமைகிறேன். தாய்மாமன் இலைமுன் அமர்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தார். பாண்டியன் பாடியவாறே நடந்தது. பாயசத்தில் கை, கையிலிருந்து தலைச் சந்தனத்தில் பருப்பு. எல்லாரும் சிரித்தோம். சிரிப்பைக் கண்டு அவள் அந்தப் பிசுபிசுத்த கைகளைக் கொட்டத் தொடங்கினாள். அத்தை வழக்கம்போல எதிரே குனிந்தாள். அம்மா அவளைச் சற்றே விலக்கிவிட்டுத் தாமே முன்னே அமர்ந்து, தம் இரு கைகளையும் குழந்தையின் முன் நீட்டினார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்தை, இன்னும் வருக, வருக என்று வாழ்த்துகிறேன்.